அம்மப்பாவின் கல்வெட்டில் என்ன எழுதுவது?

பிள்ளை, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். அம்மப்பா மோசம் போய்ப் பன்னிரண்டு நாள். ரொறன்ரோவில் இருந்து செத்தவீட்டுக்குப் போகக் கிடைக்கவில்லை, வீடியோவில்தான் பார்த்தீர்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டை எழுதும் பொறுப்பை, 'ஒவ்வொரு ஞாயிறும் அவரோடு கதைத்தவள் நீதானே' என்று மாமாமார் உங்களிடம் தந்திருக்கிறார்கள். மாதிரிக்கு நாலைந்து கல்வெட்டுகளை எடுத்துப் பார்த்துவிட்டு, 'பெயரை மாற்றினால் எல்லாருக்கும் பொருந்தும் போல இருக்கிறதே, இதில் என் அம்மப்பா எங்கே?' என்று கேட்கிறீர்கள். உங்கள் கேள்வியின் தலைப்பில் 'கல்வெட்டு எழுதுவது எப்படி' என்று போட்டிருந்தாலும் நீங்கள் தேடுவது, பெயரை மாற்றி இன்னொருவருக்குப் பாவிக்க முடியாத ஒரு கல்வெட்டு. அப்படி ஒன்றை எழுதலாம். பத்தொன்பது நாள் இருக்கிறது. அச்சகத்துக்கு ஒரு கிழமை விட்டால் உங்கள் கையில் பன்னிரண்டு நாள். அது காணும்.

நான் 1983 இல் யாழ்ப்பாணத்தில் ஒரு அச்சகத்தில் அச்சுக் கோப்பாளனாகச் சேர்ந்தவன். ஈய எழுத்துக் காலத்தில் தொடங்கி, கொம்பியூட்டர் வந்த பிறகும் அதே வேலையில் இருந்து, இப்போதுதான் ஓய்ந்திருக்கிறேன். கலியாணக் காட்டை விட, கோயில் நோட்டீசை விட, என் கையால் அதிகம் போனது கல்வெட்டுத்தான். அதிலும் உங்கள் அம்மப்பாவைப் போல வாத்திமாரின் கல்வெட்டு. கிரியை முறைகள் பற்றி நான் சொன்னால் அது கேள்வி ஞானம். அதற்கு உங்கள் குருக்களைக் கேளுங்கள். எழுத்தும் தாளும் நான் அறிந்த தொழில். அந்த அளவில் நின்று சொல்கிறேன்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அன்றைக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகத்துக்குத்தான் கல்வெட்டு என்று பெயர். நினைவு மலர் என்றும் சொல்வார்கள். முன்னுக்குப் பிள்ளையார் படம், இறந்தவரின் படம், திதி வெண்பா, தேவாரங்கள், சிவபுராணம், பிறகு வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். ஏறக்குறைய இதுதான் ஒழுங்கு. உங்கள் தலைமுறையில் சிலர் 'தேவாரத்தை எடுத்துவிட்டு அவரைப் பற்றி மட்டும் போடுவம்' என்று கேட்பார்கள். எடுக்காதீர்கள் என்றுதான் நான் சொல்லி வந்தேன். காரணம் பக்தி மட்டும் அல்ல. சிவபுராணத்தின் தொண்ணூற்றைந்து அடியும் அதற்குள் இருப்பதால்தான் அந்தப் புத்தகத்தைச் சனம் குப்பையில் போடுவதில்லை. சாமியறையில் வைத்து மாலையில் எடுத்துப் படிக்கிறார்கள். நாற்பது வருடத்துக்கு முந்திய கல்வெட்டுகளை நான் கண்டது பெரும்பாலும் சாமித்தட்டில், திருநீற்றுக் கறையோடு. உங்கள் அம்மப்பாவின் கதையைக் காப்பாற்றப் போவது அந்தத் தேவாரப் பக்கங்கள்தான்.

இனி உங்கள் குறிப்புகளுக்கு வருகிறேன். முதலில் ஒரு பிழை. '1938 மாசி, வெகுதானிய வருடம்' என்று பிறந்த திகதி போட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. தமிழ் வருடம் சித்திரையில் தொடங்கும். வெகுதானிய 1938 ஏப்ரல் நடுவில் பிறந்து 1939 ஏப்ரல் நடுவில் முடிந்தது. ஆகவே வெகுதானிய வருடத்து மாசி என்றால் அது 1939 பெப்ரவரி, மார்ச். 1938 மாசி என்றால் வருடம் ஈஸ்வர. சாதகத்தைப் பார்த்து யாரோ வருடப் பெயரை மட்டும் ஆங்கில ஆண்டாக மாற்றி எழுதியிருக்கிறார்கள். தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்களின் கல்வெட்டில் இந்தப் பிழை திரும்பத் திரும்ப வரும். சாதகம்தான் ஆதாரம் என்றால் அம்மப்பாவுக்கு எண்பத்தேழு அல்ல, எண்பத்தாறு. ஆனால் சாதகத்தோடு நிற்காதீர்கள். பிறப்புச் சான்றிதழையும் தேடுங்கள். அந்தக் காலத்தில் பதிவு பிந்தியதும் உண்டு, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயதைக் கூட்டிக் குறைத்ததும் உண்டு. இரண்டும் வேறு வேறாக இருந்தால் ஒன்றை மறைக்க வேண்டாம். 'சாதகப்படி இது, பதிவுப்படி இது' என்று ஒரு வரியில் இரண்டையும் போடுங்கள். பென்சன் எடுத்தது எந்தத் திகதிக்கு என்று பார்த்தால் அரசாங்கத்திடம் எந்தத் திகதி இருந்தது என்பதும் தெரிந்துவிடும்.

இறந்த நாளுக்கு இதைவிடக் கவனம் வேண்டும். திதி வெண்பா என்பது அலங்காரத்துக்குப் போடுவது அல்ல. வருடம், மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), என்ன திதி, ஆருடைய பெயர், இவ்வளவையும் நாலு அடிக்குள் பாடமாக்கக் கூடிய மாதிரி வைப்பது. கலண்டர் இல்லாத வீட்டிலும் பேரப்பிள்ளை அதை வைத்துத் திவசம் செய்யலாம். ஒரு திதி பத்தொன்பது மணித்தியாலத்துக்கும் இருபத்தாறு மணித்தியாலத்துக்கும் இடையில் நிற்கும். விடிய ஒரு திதி, மத்தியானம் வேறு திதி என்று ஆகலாம். அதனால் உயிர் பிரிந்த நேரம் வேண்டும். 'காலமை' என்று எழுதாமல் மணியை எழுதுங்கள். யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் இரண்டும் பாவனையில் இருக்கின்றன, இரண்டிலும் திதி முடியும் நேரம் வேறு. எதைப் பார்த்தீர்கள் என்று வெண்பாவின் கீழே சின்ன எழுத்தில் குறித்துவிடுங்கள். ரொறன்ரோவில் இருந்து நீங்கள் கணக்குப் பார்க்கும்போது ஒன்பதரை மணித்தியால வித்தியாசமா பத்தரையா என்பதையும் மறக்கக்கூடாது. அங்கே கோடையில் ஒன்று, மாரியில் ஒன்று. நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒருமுறை அபரபக்கம் என்று வரவேண்டிய இடத்தில் பூர்வபக்கம் என்று நானே எழுத்துக் கோத்தேன். பிழை திருத்தப் புறூவ் பார்த்தவரும் விட்டுவிட்டார். ஆட்டைத் திவசத்துக்கு நாள் பார்க்கப் போன மகன் பஞ்சாங்கத்தையும் கல்வெட்டையும் கையில் வைத்துக்கொண்டு அச்சக வாசலில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. 'ஐயா, எது சரி?' என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து திதி வெண்பாவை மூன்று பேர் பார்க்காமல் நான் மெஷினுக்குக் கொடுத்ததில்லை.

அடுத்தது அவர் படிப்பித்த பள்ளிக்கூடங்கள். முதல் நியமனம் 1961, பதுளைப் பக்கம், ஒரு மகா வித்தியாலயம் என்று எழுதியிருக்கிறீர்கள். 1961 என்ற ஆண்டுக்கே ஒரு கதை உண்டு. உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் சட்டம் 1960 இல் வந்தது. அதற்கு முதல் மிஷன்களும், எங்கள் பக்கம் சைவ வித்தியா விருத்திச் சங்கமும் நடத்திய பள்ளிக்கூடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அரசின் கைக்குப் போன நேரம் அது. அந்த மாற்றத்தோடு பெயர்களும் மாறின. அ.மி.த.க. (அமெரிக்க மிஷன் தமிழ்க் கலவன்) பாடசாலையாக இருந்தது பிறகு அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலை, அதற்குப் பிறகு வித்தியாலயம், மகா வித்தியாலயம். உங்கள் மாமா இப்போதைய பெயரைச் சொல்லியிருக்கக் கூடும். அன்றைய பெயரை எழுதி, இன்று என்ன பெயர் என்பதைப் பக்கத்தில் போடுங்கள். பழைய மாணவர் ஒருவர் தேடினால் தன் பள்ளிக்கூடத்தின் அன்றைய பெயரை வைத்துத்தான் தேடுவார். அவர்கள் பேச்சிலும் காலம் தெரியும்: 'ஐந்தாம் வகுப்பில் படிப்பித்தவர்' என்பவர் ஒரு தலைமுறை, 'ஆண்டு ஐந்தில்' என்பவர் அடுத்தது, 'தரம் ஐந்தில்' என்றால் அவர் கடைசியாகப் படிப்பித்த பிள்ளைகளில் ஒருவர். எல்லாரையும் 'தரம்' ஆக்கித் திருத்திவிடாதீர்கள்.

அம்மப்பா 1939 இல் பிறந்தவர் என்றால் இலவசக் கல்வி வந்த 1945 இல் அவருக்கு ஆறு வயது. இலவசக் கல்வியோடு படிப்பைத் தொடங்கிய முதல் பிள்ளைகளில் ஒருவர். பலாலி ஆசிரிய கலாசாலையில் பயிற்சி எடுத்து, மலைநாட்டுக்கும் வன்னிக்கும் போய், 1995 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்தை விட்டுச் சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்து, அறுபது வயதில் ஓய்வு பெற்றவர். இதை நான் சொல்லக் காரணம், கல்வெட்டுகளில் இவை எல்லாம் 'பல பாடசாலைகளில் நற்சேவையாற்றி' என்ற ஒரே சொற்றொடருக்குள் போய்விடும். ஒரு தோட்டப் பிள்ளைக்குப் பின்னம் படிப்பித்ததும், இடம்பெயர்ந்த இடத்தில் மரத்தின் கீழ் வகுப்பு வைத்ததும், ஜாம் போத்தல் விளக்கில் விடைத்தாள் திருத்தியதும் அதில் இல்லை. அவரோடு அந்தந்த இடத்தில் இருந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க உங்களுக்குப் பன்னிரண்டு நாள்.

கேட்கும் விதம் முக்கியம். 'சேர் எப்படிப்பட்டவர்?' என்று கேட்டால், கண்டிப்பானவர், ஆனால் அன்பானவர், நேரம் தவறாதவர் என்று மூன்று சொல்லைத் தருவார்கள். அவர்களில் பிழையில்லை, கேள்வி அப்படி. வேறு மாதிரிக் கேளுங்கள். வகுப்புக்குள் வந்ததும் முதலில் என்ன செய்வார்? சோக்கை எந்தப் பக்கத்தில் வைத்திருப்பார்? பிள்ளை பிழை விட்டால் வாயில் வரும் சொல் என்ன? எந்தக் கணக்கைப் படிப்பிக்கும்போது முகம் மலரும்? சைக்கிளை எங்கே சாத்துவார்? எந்தப் பிள்ளையிடம் தோற்றார்? நான் ஒரு வாத்தியாரின் பழைய மாணவரிடம் இப்படிக் கேட்டபோது அவர் யோசித்துவிட்டு, 'கரும்பலகையை மேலிருந்து கீழே மட்டும்தான் துடைப்பார், குறுக்கே துடைச்சா முன் வாங்குப் பிள்ளையளின்ர மூக்குக்குள்ள தூள் போகும் எண்டு' என்றார். அந்த ஒரு வரியைப் போட்டோம். அந்தியேட்டிப் பந்தியில் ஆறேழு பேர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எழும்பிக் கையைக் காற்றில் மேலிருந்து கீழே இழுத்துக் காட்டினார்.

கேட்டதை எழுதும்போது தமிழ் எங்களுக்குத் தந்த ஒரு வசதியை விட்டுவிடாதீர்கள். கண்டதைப் 'போனார்' என்றும், கேட்டதைப் 'போனாராம்' என்றும் சொல்கிறோம். அந்த 'ஆம்' கல்வெட்டு வரலாறுகளில் காணாமல் போகிறது. எல்லாம் நேரில் கண்ட மாதிரி எழுதப்படுகிறது. அதிபர் பதவியை வேண்டாம் என்று சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதம் இருக்கிறதா? இருந்தால் திகதியோடு 'மறுத்தார்'. அம்மம்மா சொல்லக் கேட்டது என்றால் 'மறுத்துவிட்டாராம், அம்மம்மா சொல்லுவா'. அம்மம்மா சொன்ன விதமே அவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றைச் சொல்லும். ஒரே சம்பவத்தைப் பெரிய மாமா ஒரு மாதிரியும் சின்ன மாமா வேறு மாதிரியும் சொன்னால் நடுவில் ஒன்றைச் சமைக்க வேண்டாம். இருவரின் பெயரோடும் இரண்டையும் போடுங்கள். இன்ன பெரியவர் இவரிடம் படித்தவர் என்ற கதைகளில் மட்டும் கடுமையாக இருங்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அந்த ஆண்டில் இருவரும் இருந்தார்களா என்று பார்த்துவிட்டு, ஒத்துவராவிட்டால் விட்டுவிடுங்கள்.

உங்கள் கேள்வியில் என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம், முகநூலில் ஒரு பழைய மாணவர் எழுதியது. 'சேரிடம் நல்லா அடி வாங்கியிருக்கிறன், கை வீங்கினது இண்டைக்கும் ஞாபகம்' என்று. அதைப் போடலாமா, மறைக்கலாமா என்று கேட்கிறீர்கள். இதில் எல்லாருக்கும் பொருந்தும் விடை என்னிடம் இல்லை. நான் இரண்டு விதமாகவும் செய்திருக்கிறேன். ஒரு கணித வாத்தியாரின் கல்வெட்டுக்கு இப்படி ஒரு கடிதம் வந்தது. பிழை செய்யாத நாளில் அடி வாங்கியதையும், அதை வீட்டில் சொல்லாததையும் அந்த மாணவர் எழுதியிருந்தார். வாத்தியார் பிறகு ஒருநாள் கூப்பிட்டு 'அண்டைக்கு நான் பிழை' என்று சொன்னதையும் எழுதியிருந்தார். வீட்டுக்காரர் முழுவதையும் வெட்டச் சொன்னார்கள். நான் வாத்தியாரின் மனைவியிடம் வாசித்துக் காட்டச் சொன்னேன். அவ கேட்டுவிட்டு, 'அவர் அப்பிடி ஒருத்தரிட்ட பிழை எண்டு சொன்னவரோ? எனக்குச் சொல்லேல்லை' என்றா. கடிதம் முழுதாக வந்தது. ஆனால் வேறு ஒரு தரம், அடி மட்டுமே இருந்த ஒரு கடிதத்தைக் குடும்பத்தின் சொற்படி விட்டுவிட்டேன். எழுதியவர் அந்தியேட்டிக்கு வந்து கல்வெட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்கில் வைத்துவிட்டுப் போனதையும் கண்டேன். அது சரியில்லை என்று இன்றைக்கு நினைக்கிறேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் அந்த மாணவருக்கு ஒரு செய்தி அனுப்பி, 'எழுதித் தருவீங்களோ, என்ன எழுதினாலும் போடுவன்' என்று கேட்பேன். வந்ததை அம்மம்மாவுக்கு முதலில் காட்டுவேன். கடைசிச் சொல் அவவின்.

பேரப்பிள்ளைகள் புலம்பலை அச்சகத்தில் எழுதி வாங்காதீர்கள். எங்களிடம் அதற்கு ஆயத்தமான வரிகள் இருக்கும். நானே எத்தனையோ எழுதியிருக்கிறேன். 'பாசத்தின் பிறப்பிடமே, பண்பின் உறைவிடமே' என்று தொடங்கும். எதுகை மோனை எல்லாம் சரியாக இருக்கும். அதை எழுதும்போது எனக்கு இறந்தவரின் முகம் தெரியாது. நீங்கள் வெண்பா எழுத வேண்டாம், பாட்டும் வேண்டாம். ஞாயிறு தோறும் எடுத்த அந்த ரெலிபோனை எழுதுங்கள். அவர் 'ஹலோ' சொல்லாமல் 'இண்டைக்கு அங்க எத்தனை பாகை குளிர்?' என்று தொடங்குவார், நீங்கள் சொல்லும் எண்ணை ஒரு கொப்பியில் குறித்து வைப்பார் என்று உங்கள் கேள்வியின் நடுவில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அதுதான் உங்கள் புலம்பல். அந்தக் கொப்பி அகப்பட்டால் ஒரு பக்கத்தை அப்படியே படம் எடுத்துப் போடுங்கள்.

கையெழுத்துப் பக்கம் ஒன்றைப் படமாகப் போடுவதைப் போல ஆளைக் கொண்டுவந்து நிறுத்தும் வேறொன்றை என் தொழிலில் நான் காணவில்லை. ஒரு தமிழ் ரீச்சரின் பிள்ளைகள் ஒரு பழைய கொப்பியைக் கொண்டு வந்தார்கள். அவ அதைப் பிழைக் கொப்பி என்று சொல்லுவாவாம். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேரே, அந்தப் பிள்ளை பிழையாக எழுதிய சொற்கள்: பல்லம், கிலங்கு, ஒளுங்கு. பிறகு என்றைக்கு அதே பிள்ளை சரியாக எழுதியதோ அன்றைய திகதியைப் போட்டு ஒரு சரி. ல, ள, ழ மூன்றுக்கும் மூன்று நிற மை. சில சொற்களுக்குச் சரி விழ இரண்டு வருடம் எடுத்திருந்தது. அந்தக் கல்வெட்டில் 'தமிழ்ப் பணிக்குத் தன்னை அர்ப்பணித்தவர்' என்ற வரியை நான் எடுத்துவிட்டு அந்தப் பக்கத்தைப் போட்டேன். ஒரேயொரு கவனம்: பிள்ளைகளின் பெயர்களை மறைத்துத்தான் போட்டோம். புள்ளிப் பதிவேடு, தவணை அறிக்கை, பெற்றோர் எழுதிய கடிதம் எல்லாம் அந்தப் பிள்ளைகளின் சொந்த விஷயம். அவர்கள் இன்று ஐம்பது வயதுக்காரராக இருந்தாலும் கேட்காமல் வெளியிடக் கூடாது.

இது உங்கள் இரண்டாவது கேள்விக்குக் கொண்டு வருகிறது: றங்குப் பெட்டி நிறையக் கொப்பிகள், படங்கள், ஒரு கசெற், இவற்றை என்ன செய்வது? அந்தியேட்டி முடிந்து வீடு துப்பரவாக்கும் நாளில்தான் இவை எரிக்கப்படும். இன்றே மாமாவுக்கு ரெலிபோன் எடுத்து, 'பெட்டியைத் தொட வேண்டாம், நிலத்தில் இருந்து தூக்கி ஒரு வாங்கில் வைச்சு விடுங்கோ' என்று சொல்லுங்கள். நிலத்தில் இருந்தால் கறையானும் ஈரமும் ஏறும். பெட்டிக்குள் வசம்பும் வேப்பிலையும் வைப்பது பழைய வழக்கம், வைத்தால் கேடில்லை, ஆனால் அதை நம்பி ஈரத்தை விட்டுவிட்டால் பூஞ்சணம் தின்றுவிடும். முதலில் நிழலில் காற்றாட விரிக்க வேண்டும். வெயிலில் போட்டால் மை வெளிறும். குண்டூசி, ஸ்ரேப்ளர் பின், றப்பர் பான்ட் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்; துருவும் உருகிய றப்பரும் தாளை அரிக்கும். கிழிந்ததைச் செலோரேப்பால் ஒட்ட வேண்டாம், சில வருடத்தில் மஞ்சள் பிடித்துத் தாளோடு சேர்ந்துவிடும். நியமனக் கடிதத்தையோ சான்றிதழையோ லமினேற் பண்ண வேண்டாம். சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது. படங்களின் பின்பக்கம் பெயர் எழுதுவதென்றால் மெல்லிய பென்சிலால், ஓரத்தில். குமிழ்முனைப் பேனை முன்பக்கம் வரைக்கும் அமுக்கும். ஸ்கான் எடுப்பவரிடம் கடிதங்களுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, படங்களுக்கு 600 என்று சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை அச்சுக்குக் கொடுக்காதீர்கள். அது பெரும்பாலும் சுருங்கித்தான் வரும். அச்சில் முகம் கட்டம் கட்டமாக நிற்கும். நாங்கள் பட்ட பாட்டில் பாதி அதனால்தான்.

அந்த கசெற்றில் அவர் தேவாரம் படிப்பது இருக்கிறது என்று அம்மா சொல்கிறா என்றால், எவரும் அதைப் 'பாட வைச்சுப் பாக்க' விடாதீர்கள். பழைய றேடியோவில் போட்டால் நாடா சிக்கி அறுந்துவிடும். கசெற்றின் மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்ரிக் நாக்கு இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் தவறுதலாக அதன் மேல் வேறொன்று பதியாது. வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் ஓட்டவே கூடாது. ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்து, முதல் ஓட்டத்திலேயே டிஜிற்றலாகப் பதியச் சொல்லுங்கள். இரண்டாவது ஓட்டத்துக்கு நாடா தாங்கும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. இது அந்தியேட்டிக்குள் நடக்க வேண்டியது இல்லை. பொறுத்துச் செய்யலாம்.

'இதெல்லாம் செய்தால் மனம் ஆறுமா, எனக்கு இன்னும் அழுகை வரவில்லை' என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். நான் மனநல மருத்துவன் இல்லை. நித்திரை இல்லாமல், சாப்பாடு இல்லாமல் நாட்கள் போனால் உங்கள் ஊரில் ஒரு வைத்தியரைப் பாருங்கள், அதைத் தள்ளிப் போட வேண்டாம். துக்கத்துக்கு ஐந்து படி என்று யாராவது அனுப்பினால், அதில் எந்தப் படியில் நிற்கிறேன் என்று உங்களை அளக்கவும் வேண்டாம். குப்ளர் ரோஸ் என்ற மருத்துவர் 1969 இல் அதை எழுதியது சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளோடு பேசித்தான். இழந்தவர்களுக்கு அதைப் பொருத்தியது பிறகு நடந்தது. என் கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன். புறூவ் பார்க்க வரும் பிள்ளைகள், செத்தவீட்டில் அழாதவர்கள், ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தும்போது அழுவார்கள். தகப்பனின் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கும், பேனையை எடுத்துப் புள்ளியைக் குத்திவிட்டு மேசையில் தலையை வைத்துவிடுவார்கள். அதற்காகவே மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையும் ஒரு செம்பு தண்ணியும் வைத்திருந்தோம். எல்லாரும் அப்படி அழுவார்கள் என்று சொல்ல வரவில்லை. சிலர் பேசாமல் திருத்திவிட்டுப் போவார்கள், அவர்களுக்கும் துக்கம் குறைவில்லை.

அச்சுக்குக் கொடுக்க முதல், வம்சாவளிப் பக்கத்தை ஊரில் இருக்கும் ஆக வயது கூடியவருக்கு வாசித்துக் காட்டச் செய்யுங்கள். விட்டுப்போன மருமகனும், பிறந்து ஒரு மாதத்தில் இறந்த பிள்ளையும் அவருக்குத்தான் ஞாபகம் இருக்கும். அந்தப் பிள்ளையின் பெயரையும் போடுங்கள். புத்தகம் வந்ததும் அவர் படிப்பித்த பள்ளிக்கூட நூலகங்களுக்கு ஒவ்வொன்று, 2005 இல் இருந்து இணையத்தில் எங்கள் நூல்களைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு ஒன்று அனுப்புங்கள். அவர்கள் நினைவு மலர்களையும் டிஜிற்றலாக்கி வைக்கிறார்கள். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது எத்தனை சிறு வெளியீடுகள் போயின என்று யோசித்தவர்களுக்கு ஒரே இடத்தில் வைப்பதில் உள்ள பயம் தெரியும். போர் நடந்தபோது யாழ்ப்பாணத்துக்குப் பொருட்கள் வர விடாத பொருளாதாரத் தடைக் காலத்தில் வெள்ளைத் தாள் கிடைக்காமல் கோடு போட்ட கொப்பித் தாளில் நான் அச்சடித்துக் கொடுத்த கல்வெட்டுகள் உண்டு. அப்போது வெட்கமாக இருந்தது. இன்று ஒரு வாத்தியாரின் கதை அந்தத் தாளில் இருப்பதைக் காணும்போது அந்தக் காலம் முழுவதும் அந்தக் கோடுகளில் தெரிகிறது. ஆகவே மினுங்கும் தாளுக்குக் காசைச் செலவழிக்காமல், அந்தக் காசில் எட்டுப் பக்கம் கூட்டுங்கள்.

கடைசிப் பக்கத்தை வெறுமையாக விடச் சொல்லுங்கள். மேலே, 'இதில் பிழை கண்டால், விட்டுப்போனது இருந்தால் இங்கே எழுதி எங்களுக்குப் படம் எடுத்து அனுப்புங்கள்' என்று ஒரு வரியும் உங்கள் மின்னஞ்சலும் போதும். நான் இதை ஏழெட்டுக் குடும்பங்களுக்குச் செய்து கொடுத்தேன். ஒரு குடும்பத்துக்குப் பதினோரு பக்கம் திரும்பி வந்தது. பிறந்த ஆண்டை மட்டும் இன்றிரவே மாமாவிடம் கேளுங்கள். சாதகத்தை அவரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.